தக்காளிக்கு வெயில் தாங்க: கடற்பாசித் திரவமா, பிபிஎஃப்எம்மா?

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் கோடைத் தக்காளி பூவெடுக்கும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். அந்த நேரத்தில் உரக்கடையில் கடற்பாசித் திரவத்தை எடுத்துத் தருவார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வறட்சிக்குப் பரிந்துரைப்பது பிபிஎஃப்எம் என்ற பாக்டீரியாத் திரவம்.

கடற்பாசியிலேயே இரண்டு வகை உண்டு. வட அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வளரும் அஸ்கோபில்லம் என்ற பழுப்புப் பாசியை வைத்துத்தான் அதிக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இன்னொன்று கப்பாஃபைகஸ், நம் மண்டபம் கடலில் மிதவை கட்டி வளர்க்கும் பாசி. பச்சையாக அரைத்துப் பிழிந்த சாறு பயிருக்கு, மிஞ்சும் சக்கை காராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுக்க. இந்த முறை பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. இறக்குமதிச் சரக்கைவிட இதைத்தான் நான் வாங்கச் சொல்வேன். காசு இராமநாதபுரம் மீனவக் குடும்பங்களுக்கும் போய்ச் சேரும்.

எந்த வகையானாலும் இதை உரம் என்று நினைத்து வாங்காதீர்கள். லிட்டருக்குச் சில மில்லி கலந்து அடிப்பதில் தழைச்சத்து எவ்வளவு இருந்துவிடும்? செடியைத் தயார்ப்படுத்துவதுதான் இதன் வேலை. செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்க உதவும் புரோலின் போன்ற பொருள்களைச் செடி சேர்த்து வைக்கிறது, இலைத்துளைகளை நேரத்தில் மூடுகிறது, செல்களைக் காக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. இதற்கெல்லாம் சில நாள் ஆகும். அதனால் வெயில் உச்சத்துக்குப் போகுமுன், செடி தெம்பாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வாடிய பிறகு அடித்தால் செலவுதான் மிச்சம். அளவையும் கூட்டாதீர்கள், பாசிச் சாற்றில் உப்பும் உண்டு. போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் தோட்டங்களில் இதை மறக்கக் கூடாது.

பிபிஎஃப்எம் உயிருள்ள பாக்டீரியா. இலை வெளிவிடும் மெத்தனாலைத் தின்று இலைமேலேயே வாழ்ந்து, சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருள்களைத் தருகிறது. லிட்டருக்கு 10 மில்லி, காலையிலோ மாலையிலோ. விலை குறைவு. ஆனால் பூஞ்சாணக் கொல்லியோடு ஒரே டேங்கில் கலந்தால் செத்துப்போகும். வெயிலில் கிடந்த பாட்டிலும் உதவாது. இலைக்கருகலுக்கு அடிக்கடி மருந்து அடிக்கும் தக்காளிக்காரருக்கு இது பெரிய தொல்லை.

பஞ்சகவ்யம், 3 சதவீதம், செடி வளர்ச்சிக்கு நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வீடு தரம் மாறுவதால் வெப்பத்துக்கு அதை மட்டும் நம்பி இருக்க மாட்டேன்.

சொட்டுநீர் உள்ள தக்காளிக்குக் கடற்பாசி, பூ வருமுன் ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை. பென்னாகரம், அரூர் பக்கத்து மானாவாரி ராகிக்கும் நிலக்கடலைக்கும் பிபிஎஃப்எம் போதும். மருந்துத் தெளிப்பு அங்கே குறைவு, கைச்செலவும் தாங்கும். இரண்டுமே தண்ணீருக்கு ஈடாகாது. கையில் காசு கம்மி என்றால் முதலில் காய்ந்த இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போடுங்கள், அப்புறம் பாட்டில்.

வாங்கும்போது பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 2021-இல் கடற்பாசிச் சாறு போன்ற, செடியைத் தூண்டிவிடும் உயிரூக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. எதில் தயாரித்தது, எத்தனை சதவீதம் சாறு என்று போடாத பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். அடிக்கும் நாளில் நான்கு வரிசைக்கு வெறும் தண்ணீரை அடித்துவிட்டு, காய் பறிக்கும்போது அதைத் தனியாக எடை போடுங்கள். அடுத்த கோடைக்கு எதை வாங்குவது என்று அந்த எடையைப் பார்த்து முடிவு செய்யலாம்.