எதிர்க்கட்சிக்குப் புதிய தலைவர்: எந்த முறையில் தேர்ந்தெடுப்பது?

தேர்தலில் தோற்ற கட்சி தலைவரை மாற்ற முற்படும்போது, அடுத்தவர் யார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அவரை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி பெரும்பாலும் தலைமை அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எங்கள் கட்சி இம்முறை அந்தக் கேள்வியை மாவட்டக் குழுக்களுக்கு அனுப்பியது. மேலிடத்தின் நியமனம், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தேர்வு, எல்லா உறுப்பினர்களின் நேரடி வாக்கு, பொதுக்குழுவின் இரகசிய வாக்கெடுப்பு என்ற நான்கில் ஒன்றைக் குறித்துக் காரணமும் எழுதித் தரும்படி காரைக்குடியில் கூடிய எங்களிடம் கேட்டார்கள். நான் பொதுக்குழுவைக் குறித்தேன். கட்சியின் பெயர் இங்கே தேவைப்படாது. தோற்ற கட்சி எதுவானாலும் இதே நான்கு வழிகளின் முன்புதான் வந்து நிற்கும்.

நியமனத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. செலவு இல்லை, பூசல் வெளியே தெரிவதில்லை. 2018 ஆகஸ்ட் 28 அன்று தி.மு.க. பொதுக்குழு மு.க.ஸ்டாலினைப் போட்டியின்றித் தலைவராக்கியபோது அக்கட்சி எதிர்க்கட்சி வரிசையில்தான் இருந்தது. 2021-இல் ஆட்சியைப் பிடித்தது. ஆகவே போட்டி இல்லாவிட்டால் கட்சி கெட்டுவிடும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அடுத்தவர் யார் என்பது அங்கே பல ஆண்டுகளாகத் தெளிவாக இருந்தது. மூன்று நான்கு பேர் உரிமை கோரி நிற்கும் கட்சியில் மேலிடம் ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்கள் கைதட்டினால், எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்பதே எண்ணப்படாமல் போய்விடும். எண்ணப்படாத எதிர்ப்புத்தான் ஆறு மாதம் கழித்துத் தனிக் கட்சியாகப் புறப்படுகிறது.

சட்டமன்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் பெருமையான முன்னுதாரணம் உண்டு. 1954 மார்ச்சில் சென்னை மாநிலக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் காமராசர் 93 வாக்குகளும் சி.சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றார்கள். வென்ற காமராசர் தோற்றவரைத் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். ஆனால் அது ஆளுங்கட்சியில் நடந்தது. தோற்ற கட்சிக்கு உறுப்பினர்கள் எங்கே இருக்கிறார்கள்? 1991-இல் தி.மு.க.வுக்குக் கிடைத்த இடங்கள் இரண்டு, 1996-இல் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை நான்கு. அந்த ஆண்டுகளில் இந்த முறை இருந்திருந்தால், மாநிலம் முழுவதும் கிளைகள் வைத்திருந்த பேரியக்கங்களின் தலைவரை ஒரு காரில் அடங்கும் ஆட்கள் தேர்ந்தெடுத்திருப்பார்கள். காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் மூன்றிலும் ஒரு கட்சி தோற்றுவிட்டால், செட்டிநாட்டின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அதற்காக வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவர்களின் குரலை யார் கொண்டுபோவார்கள்? எங்கே தோற்றோமோ அங்கே இருப்பவர்களுக்குத்தான் ஏன் தோற்றோம் என்பதும் தெரியும்.

அவைக்குள் பேசும் தலைவரை மட்டும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 2011-இல் தே.மு.தி.க. 29 இடங்களும் தி.மு.க. 23 இடங்களும் பெற்றதால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். அது அவை எண்ணிக்கையால் வரும் பதவி. கட்சித் தலைமை அப்படிப்பட்டதன்று.

இனி நேரடி வாக்கு. எங்கள் கூட்டத்தில் இளைஞர்களில் பெரும்பாலோர் இதற்கே குறியிட்டார்கள். தெருமுனைக் கூட்டத்துக்கு நாற்காலி சுமந்தவனுக்கும் மாவட்டச் செயலாளருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு என்பதைவிட நியாயமான ஏற்பாடு வேறு இல்லை. கொள்கை அளவில் இதை எதிர்க்க என்னிடம் ஒரு வாதமும் இல்லை. எனக்குள்ள தடை, வாக்காளர் பட்டியலில் தொடங்குகிறது.

எங்கள் நகரின் ஒரு வட்டத்துக்கான உறுப்பினர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் பெயர்கள் ஒரே கையெழுத்தில், ஒரே ஊதா மையில் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கைபேசி எண். ஒரு முகவரியில் ஆறு பேர் பதிவாகியிருந்தார்கள்; அந்த வீட்டின் முகப்பில் பூட்டுத் தொங்குவது தெருவுக்கே தெரியும். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து கதவைத் திறக்கிறார்கள். அவர்கள் கட்சி அட்டையைப் பார்த்திருப்பார்களா என்பதே ஐயம். இதே மண்ணில் நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களுக்கும் புள்ளிக் கணக்கு வைத்திருக்கும் விதத்தோடு இதை ஒப்பிட்டால் குறை எங்கே என்பது புரியும். திருமணமானதும் ஒரு குடும்பம் தனிப் புள்ளியாகிறது. வரி அந்தப் புள்ளியின் மேல் விழுகிறது. இளையாத்தங்குடியா, பிள்ளையார்பட்டியா, எந்தக் கோயில் புள்ளி என்பதில் குழப்பம் வருவதில்லை. கடமையும் சேர்ந்தே வருவதால் கணக்கு நேராக நிற்கிறது. எங்கள் பதிவேட்டிலோ, உறுப்பினர் கட்டணத்தை வேறொருவர் மொத்தமாகக் கட்டிவிடுகிறார். அப்படிப்பட்ட பட்டியலை வைத்து நடத்தும் நேரடி வாக்கு, பட்டியலை எழுதியவரின் வாக்காகவே முடியும்.

பட்டியலைத் திருத்திவிடலாமே என்பார்கள். திருத்தலாம், இரண்டு ஆண்டுகள் உழைத்தால் முடியும். எனவே பட்டியலை மட்டும் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வந்த தலைவர் சரியில்லை என்றால் அவரை இறக்கப்போவது யார்? ஆளுங்கட்சித் தலைவருக்குப் பதவியே ஓர் அரண். கட்சிக்காரர்களும் ஆட்சியைக் காப்பாற்றவாவது ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு அந்தப் பசை கிடையாது. அடுத்த தேர்தலுக்குள் அவரை ஒருமுறையாவது எடைபோட்டே ஆக வேண்டும். அந்த எடைபோடும் அதிகாரம், தேர்ந்தெடுத்தவர்களிடம் இல்லாமல் வேறு கைகளில் இருந்தால் கட்சி இரண்டாகக் கிழிகிறது. இதற்குச் சான்றுகள் ஏராளம்.

பிரிட்டனில் 2001-இல் எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, இயன் டங்கன் ஸ்மித்தை உறுப்பினர் வாக்கால் தேர்ந்தெடுத்தது. உறுப்பினர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் அவர் பக்கம். ஆனால் அதற்கு முந்தைய கடைசிச் சுற்றில் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அவர் பெற்றவை 54 வாக்குகள், மூன்றில் ஒரு பங்குதான். இறக்கும் அதிகாரம் அந்த நாடாளுமன்ற உறுப்பினர்களிடமே இருந்தது. 2003 அக்டோபர் 29 அன்று 90-க்கு 75 என்ற கணக்கில் இறக்கிவிட்டார்கள். ஒரு பொதுத்தேர்தலைக்கூட அவர் சந்திக்கவில்லை.

லேபர் கட்சியில் நடந்தது இதற்கு மறுபக்கம். 2015-இல் ஜெரமி கோர்பின், மூன்று பவுண்டு கட்டிப் பதிந்த ஆதரவாளர்களும் சேர்ந்து போட்ட வாக்கில் 59.5 விழுக்காடு பெற்றுத் தலைவரானார். அடுத்த ஆண்டு ஜூனில் அவருடைய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 172 பேர் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். நம்பிக்கை தெரிவித்தவர்கள் 40 பேர். அந்த வாக்கெடுப்புக்கு அவரை இறக்கும் வலு இல்லை. மறுபடி உறுப்பினர்களிடம் போனார்கள்; 61.8 விழுக்காடு வாங்கித் திரும்பி வந்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் தங்கள் தலைவரை நம்பாமலும், அவரை அனுப்ப முடியாமலும் நாளைக் கடத்தினார்கள். 2019 தேர்தலில் 1935-க்குப் பிந்தைய மிகக் குறைந்த இடங்களே அக்கட்சிக்குக் கிடைத்தன. அத்தோல்விக்குப் பிரெக்சிட் உட்பட வேறு காரணங்களும் உண்டு; எனினும் இந்த இழுபறி கட்சிக்கு வலுச் சேர்க்கவில்லை என்பது உறுதி. பிரிட்டிஷ் அரசியலை நான் படித்து மட்டுமே அறிவேன் என்பதால் இதற்குமேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 1997-இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சீதாராம் கேசரி 6,224 வாக்குகள் பெற்றார். சரத் பவாருக்கு 882, ராஜேஷ் பைலட்டுக்கு 354. இப்படி அசைக்க முடியாத வெற்றி பெற்றவரை 1998 மார்ச்சில் கட்சியின் உயர்மட்டக் குழுவான காரியக் கமிட்டி ஒரே கூட்டத்தில் விலக்கியது. வாக்களித்த ஆயிரக்கணக்கான பிரதிநிதிகளை யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் அ.தி.மு.க. எதிர்க்கட்சியாக இருந்தபோது நடந்ததுதான் எல்லாவற்றிலும் தெளிவான பாடம். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, ஒருங்கிணைப்பாளரையும் இணை ஒருங்கிணைப்பாளரையும் அடிப்படை உறுப்பினர்களே ஒற்றை வாக்கால் சேர்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று வைத்தார்கள். 2022 ஜூலை 11 அன்று பொதுக்குழு கூடி, அந்த இரு பதவிகளையும் நீக்கி, இணை ஒருங்கிணைப்பாளராக இருந்த எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது, ஒருங்கிணைப்பாளராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் பதவியை இரண்டரை ஆயிரம் பேர் கொண்ட பொதுக்குழு கலைக்கலாமா என்பது நீதிமன்றத்தில் பெரிய வாதமாயிற்று. தனி நீதிபதி ஒரு விதமாகவும் இரு நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகவும் சொல்ல, 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு செல்லும் என்று முடித்து வைத்தது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஏற்றுபவர் ஒருவர், இறக்குபவர் மற்றொருவர் என்று விதி இருந்ததால், எதிர்க்கட்சியாக உழைக்க வேண்டிய மாதங்கள் வழக்கறிஞர் அறைகளில் கழிந்தன என்பதே என் கவலை.

பொதுக்குழுவின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஓரிரண்டாயிரம் பேர் ஒரு மண்டபத்தில் கூடலாம், வேட்பாளர்கள் பேசுவதைக் கேட்கலாம், மாலைக்குள் எண்ணிவிடலாம். அதே ஆட்கள் ஓராண்டு கழித்து அதே மண்டபத்தில் கூடி, நாங்கள் ஏற்றியவரை நாங்களே இறக்குகிறோம் என்று சொல்லலாம். இலட்சக்கணக்கான உறுப்பினர்களை அப்படிக் கூட்ட இயலாது. நான்கு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. குழு சிறிதாக இருந்தால் முடிவுக்கு மதிப்புக் குறையும் என்றும் நான் எண்ணவில்லை. 1940-இல் காமராசர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானது 103-க்கு 100 என்று மூன்றே வாக்கு வித்தியாசத்தில்தான். அதனால் அவர் தலைமை தளர்ந்துவிடவில்லை.

எங்கள் கூட்டத்தில் கல்லல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி என்னைக் கேட்ட கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. "அண்ணே, பொதுக்குழுவுல உக்கார்றவங்க யாரு? மாவட்டம் எழுதிக் குடுத்த பேருதானே? அவங்க எப்புடிண்ணே மாவட்டத்தை மீறி ஓட்டுப் போடுவாங்க?" என்றார். கேள்வி நியாயமானது. இந்த முறைக்கு எதிராகச் சொல்லத்தக்க மிக வலுவான வாதமும் இதுவே. மாவட்டச் செயலாளர் சொன்ன பெயர்களே பொதுக்குழுவை நிரப்புமானால் அது வேறு பெயரில் வரும் நியமனமாகிவிடும். அதற்காகத்தான் கிளைத் தேர்தல் முதலில் நடக்க வேண்டும், ஒன்றியத்திலிருந்து பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு மேலே வர வேண்டும், கடைசி வாக்கு கையுயர்த்தாமல் பெட்டிக்குள் விழ வேண்டும் என்கிறேன். ஒரு கிளையில் முப்பது நாற்பது பேர்தான். பூட்டிய வீட்டுப் பெயர் எது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பட்டியலின் பொய்யைக் கிளையிலேயே பிடிக்கலாம், மாநில அளவில் பிடிக்க முடியாது. மறைவாக வாக்களிக்க வழி இருந்தால், செயலாளர் சொன்ன பெயருக்குத் தலையாட்டிவிட்டு வேறு பெயருக்கு வாக்களிக்கும் துணிவு நம்மவர்களுக்கு உண்டு.

கீழிருந்து மேலே கட்டும் இந்த முறையை இடதுசாரிகள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அகில இந்திய மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுத்தது; அக்குழு எம்.ஏ.பேபியைப் பொதுச்செயலாளராக்கியது. ஒருவர் மூன்று முறைக்கு மேல் அப்பொறுப்பில் தொடர்வதற்கும் அங்கே வரம்பு உண்டு. அக்கட்சிக்குள் இருந்து பார்த்தவன் அல்லன் என்பதால், அங்கே விவாதம் எவ்வளவு திறந்த மனத்துடன் நடக்கிறது என்பதை நான் சொல்ல இயலாது. ஆனால் கிளை, பகுதி, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மாநாடு நடத்துவது நடக்கக்கூடிய காரியந்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தோற்றவரையும் விட்டுவிடக் கூடாது. 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றபோது, தோற்றவரின் வாக்கும் எண்ணி அறிவிக்கப்பட்டது; அடுத்த ஆண்டு தரூர் காரியக் கமிட்டியில் சேர்க்கப்பட்டார். ஐந்தில் ஒரு பங்கு வாக்காவது பெற்ற வேட்பாளருக்குச் செயற்குழுவில் இடம் என்பதை விதியாகவே எழுதிவிடுவது நல்லது.

இறக்கும் விதியின் அளவுகளையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். டங்கன் ஸ்மித் காலத்தில் அவர் கட்சியில் 15 விழுக்காடு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கடிதம் கொடுத்தால் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்துவிடும். அது மிகவும் எளிது. அ.தி.மு.க. விதியில் பொதுக்குழுவின் ஐந்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் 30 நாள்களுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். இந்த அளவே எனக்குச் சரியாகப் படுகிறது. கூட்டுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். இறக்குவதற்கு, வந்திருப்போரில் அல்லாமல் மொத்தப் பொதுக்குழுவில் பாதிக்கு மேல் வேண்டும். ஒருமுறை தப்பியவரை ஓராண்டுக்கு மறுபடி இழுக்கக் கூடாது. தேர்தல் நெருங்கும்போது இந்த வழியை அடைத்துவைக்கலாமா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருப்பதால், எல்லாத் தேர்தலுக்கும் அடைத்தால் வழி எப்போதும் மூடியே கிடக்கும். சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டும் அடைத்தால் போதும் என்பது இப்போதைக்கு என் கருத்து; கிளைகளில் இதைப் பேசிய பிறகு அந்தக் கால அளவைக் கூட்டவோ குறைக்கவோ நான் தயார்.