கருப்பு வெள்ளை கேட்டேன், சாம்பலைக் கொடுத்தார்கள்: டிசைன் வேலை வெளியே கொடுப்பவர்கள் கவனிக்கவும்

திருப்பூரில் பிரிண்டிங்குக்குப் படம் தயார் செய்யக் கொடுப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பொங்கலுக்கு டி-சர்ட் அடிப்பதற்காகக் காங்கேயம் காளைகளைப் பென்சிலில் 12 படம் வரைந்திருந்தேன். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் பிலிம் எடுக்க, படத்தில் முழுக் கருப்பும் முழு வெள்ளையும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. ஒரு டிசைன் சென்டரில் இதைத் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். படத்துக்கு 250 ரூபாய். 3,000 ரூபாயையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்கள்.

வந்த ஃபைலைத் திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. பட்டறையில் பிலிம் போட்டு, ஸ்கிரீனை (மை இறங்கும் வலையை) எக்ஸ்போஸ் செய்து, அதாவது வெளிச்சம் காட்டி, கழுவினால் பாதிக் கோடுகள் திறக்கவே இல்லை. பிலிமில் கருப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் படாது, அங்கே எமல்ஷன் (ஸ்கிரீனில் பூசும், வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) தண்ணீரில் கரைந்து போய்விடும். அங்கே சாம்பல் இருந்தால் வெளிச்சம் உள்ளே போய்ப் பாதி இறுகிவிடுகிறது. பட்டறை அண்ணன் ஃபைலைப் பெரிதாக்கிக் காட்டினார். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் புழுதி ஒட்டியது போலச் சாம்பல் புள்ளிகள். டிசைன் சென்டரில் கான்ட்ராஸ்டை ஏற்றி, ஜேபெக்கில் சேமித்ததைத் தவிர வேறு வேலையே செய்யவில்லை. ஜேபெக்கில் இரண்டே நிறம் கொண்ட படமாகச் சேமிக்கவே முடியாது.

திரும்பப் போய்க் கேட்டேன். "ஏனுங்கண்ணா, கலர் இல்லாமத்தானுங்க பண்ணிக் குடுத்திருக்கறோம்" என்றார்கள். அப்புறம் நான் விடாமல் கேட்கவும், 12 படத்துக்கும் ஒரே அடியாகத் திரெஷோல்டை 128-இல் வைத்துத் தட்டிக் கொடுத்தார்கள். 0 கருப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில், அந்த எண்ணைவிட வெளிர்ந்ததெல்லாம் வெள்ளையாகிவிடும், அடர்ந்ததெல்லாம் கருப்பாகிவிடும். மயிலைக் காளையின் (சாம்பல் நிறக் காளை) அலைதாடியில், அதாவது கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலில், மடிப்பு மடிப்பாக மெல்லிய கோடுகள் இழுத்திருந்தேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை. திமிலில் படிப்படியாக ஏற்றியிருந்த நிழல் ஒரே கரித்திட்டாகிவிட்டது. மனசு ஆறவில்லை. அந்தத் திமிலுக்கு மட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, முதலில் எடுத்த ஸ்கேனையாவது கொடுங்கள் என்றால், அதன் மேலேயே சேமித்துவிட்டார்களாம். நல்லவேளை, தாள்கள் என்னிடம் இருந்தன. 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் நானே செய்தேன். முதலில் லெவல்ஸில் (வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் கருவி) தாளின் அழுக்கு நிறத்தை வெளுக்க வைத்து, அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் திரெஷோல்டு. மயிலைக்கு 170-க்கு மேல் ஏற்றிய பிறகுதான் அலைதாடிக் கோடுகள் திரும்ப வந்தன. திமில் நிழலைக் கோடு கோடாகப் பேனாவில் திரும்ப வரைய வேண்டியிருந்தது. கடைசியில் மோடை இன்டெக்ஸ்டுக்கு (குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் வைக்கும் முறை) மாற்றி, இரண்டு நிறம் மட்டும் வைத்து, பிஎன்ஜியாகச் சேமித்தேன்.

வெளியில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே 800 சதவீதம் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஹிஸ்டோகிராமில் (கருப்பிலிருந்து வெள்ளை வரை எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) இந்தக் கோடியில் ஒரு கோடு, அந்தக் கோடியில் ஒரு கோடு, நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அசல் ஸ்கேனைத் தனி ஃபைலாக வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை எடுங்கள்.

என் 3,000 ரூபாய்க்கு மூன்று தடவை நடந்துவிட்டேன். "ஓனர் வரட்டுங்க" என்கிறார்கள்.