விசாரங்கள் பெருகும் இரவுகளில்: நான்காண்டு ஜெப அனுபவம்

என் தூக்கம் போனது 2021 ஜூலை மாதத்தில். ரங்கூனில் கொரோனாவின் மூன்றாம் அலை உச்சத்தில் இருந்தது. காலியான ஆக்சிஜன் சிலிண்டரைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு, நிரப்பித் தருகிற இடத்தைத் தேடி விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர்களில் என் கணவரும் ஒருவர். அவருடைய அண்ணனுக்காக நின்றார். சிலிண்டர் நிரம்பி வீடு வந்து சேர்ந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு எனக்கு எந்த இரவும் முழு இரவாக இருந்ததில்லை. பதினோரு மணிக்குக் கண் மூடினாலும் ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். மகனுக்கு இருமல் கேட்டதே, அரிசி இன்னும் எத்தனை நாள் வரும், கடைக் கணக்கில் அந்தத் தொகையைச் சரியாகத்தான் எழுதினேனா என்று ஒரு நினைப்பு இன்னொன்றை இழுத்துவர, அது விடியும்வரை ஓயாது.

நான் தமிழ் மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவள். சிறுவயதிலிருந்து முழங்காற்படியிட்டு, மனதில் உள்ளதை என் சொந்த வார்த்தைகளில் ஆண்டவரிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே அந்த இரவுகளிலும் அதையே செய்தேன். போதாதென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஜெபக் குறிப்புகளை எண் போட்டு எழுதத் தொடங்கினேன். முதல் வாரத்தில் ஏழு குறிப்புகள் இருந்தன. மூன்று மாதத்தில் அவை நாற்பதைத் தாண்டின. ஒவ்வொன்றையும் விவரமாகச் சொல்லி, அது நடந்துவிட்டால் என்னாகும், நடக்காவிட்டால் என்னாகும் என்று ஆண்டவருக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு, ஆமென் சொல்லி எழுந்திருக்கும்போது நெஞ்சு படபடப்பு முன்பைவிட அதிகமாக இருந்ததைக் கவனித்தேன். நான் ஜெபம் என்று நினைத்தது, முழங்காலில் நின்றுகொண்டு செய்த அதே கவலைதான் என்பது அப்போதுதான் புரிந்தது. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் என்னைப் போல நீண்ட நேரம் ஜெபித்தும் ஆறுதல் அடையாதவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், இந்த அனுபவத்தில் முக்கியமானது இதுதான் என்று கருதி எழுதுகிறேன்.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவர் கத்தோலிக்கர். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். மின்சாரம் போகிற இரவுகளில், அந்தப் பலகை இடுக்கு வழியாக அவருடைய மெழுகுவர்த்தி வெளிச்சமும், ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஒரே தாளத்தில் போகிற குரலும் எங்கள் அறைக்குள் வரும். ஐம்பது மணிகள், ஐம்பது முறை, அவசரமே இல்லாமல் சொல்வார். அவருடைய பேரனும் அதே அலையில் சாகக் கிடந்து பிழைத்தவன். ஆனாலும் ஜெபமாலை முடிந்த கால் மணி நேரத்துக்குள் அவர் குறட்டை விடுவது எனக்குக் கேட்கும். ஒருநாள் அவரிடமே கேட்டேன். “நான் என்ன கேட்கணும்னு யோசிக்கறதில்லை மா. சொல்ல வேண்டிய வார்த்தை ஏற்கெனவே இருக்கு, நான் அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கறேன், அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது. அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதைக் காட்டித்தான், ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வது ஜெபமல்ல என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் அதே மத்தேயு இருபத்தாறாம் அதிகாரத்தில், கெத்செமனே தோட்டத்தில் மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருந்த இயேசு, மூன்றாந்தரமும் ‘அந்த வார்த்தைகளையே சொல்லி’ ஜெபித்தார் என்று எழுதியிருக்கிறது. எத்தனையோ முறை வாசித்த பகுதி; ஆனால் அந்த மூன்று சொற்கள் அன்றுவரை என் கண்ணில் பட்டதில்லை. கலங்கிப்போன மனதுக்குப் புதிய வார்த்தைகளைத் தேடுகிற பலம் இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் தேர்ந்துகொண்டது எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனம்: ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் பழகிய யோவான் காசியன், ஐந்தாம் நூற்றாண்டில் எழுதியபோது, எந்நேரமும் சொல்லத்தக்க ஜெபமாக இந்த வசனத்தைத்தான் பரிந்துரைத்தார். அது தானாகவே இரண்டாகப் பிரிகிறது. முதல் பாதியை மனதுக்குள் சொல்லி மூச்சை இழுப்பேன். இரண்டாம் பாதி நீளமானது, அதை உதடு அசைய, காற்றோடு காற்றாக வெளியே விடுவேன். படுக்கையில் அல்ல, பாயில் உட்கார்ந்து செய்வேன். எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டைகள் ஐம்பதை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக மறு கிண்ணத்துக்கு மாற்றுவேன், கடைசிக் கொட்டை விழுந்ததும் எழுந்துவிடுவேன். எனக்கு உதவியதில் பாதி அந்த முடிவுதான். என் சொந்த ஜெபத்துக்கு முடிவே இருந்ததில்லை.

உடல் அளவில் நடப்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை மன்றாட்டைச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சுவாசம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கி, இதயமும் இரத்த அழுத்தமும் அதே தாளத்துக்கு வந்தன. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிவதை நாடியில் விரல் வைத்து நாமே உணரலாம். இதைச் சொல்வதால் ஜெபம் வெறும் மூச்சுப் பயிற்சி ஆகிவிடாது. உடலை உண்டாக்கியவரிடம்தானே ஜெபிக்கிறோம்.

பலன் உடனே தெரியவில்லை. முதல் இரண்டு மாதங்கள், பத்துக் கொட்டைகளுக்குள் மனம் அரிசிக் கணக்குக்கு ஓடிவிடும். திரும்ப இழுத்து வருவதிலேயே களைத்துப்போவேன். ஆறாவது மாதத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. விழிப்பு வருவது நிற்கவில்லை, ஆனால் விழித்தபின் மறுபடி தூங்க முடிந்தது. இரண்டு மணிக்குமேல் விழித்திருந்த இரவுகளைச் சுவர்க் காலண்டரில் புள்ளி வைத்து வந்தேன். 2021 கடைசியில் வாரத்துக்கு ஐந்து புள்ளிகள். 2023இல் ஒன்றோ இரண்டோ. பிறகு 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தார்கள். 18 முதல் 35 வயதுவரை உள்ள ஆண்கள் அதற்குள் வருவார்கள். என் மகனுக்கு 22. அந்த மாதம் காலண்டரில் புள்ளி இல்லாத கட்டமே இல்லை. அவன் இப்போது மலேசியாவில் வேலை செய்கிறான். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது, கணக்குப் போடாமலே எந்நேரமும் எனக்குத் தெரிகிறது.

அந்தச் சமயத்தில் கை மரத்துப்போய் மூச்சு அடைத்ததால் மருத்துவரிடம் போனேன். அவர் மாத்திரை தந்தார். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி, மிகவும் மோசமாகி, மறுபடி தொடங்கினேன். இப்படிப் பேசுகிறவர்கள் எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்குகிறார்கள் என்பதை உணரவேண்டும். பவுல் தம்மோடிருந்த லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்றுதான் அழைத்தார். மாத்திரை என் உடலை உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்தது. உட்கார்ந்தபின் ஜெபிக்க முடிந்தது. தினசரி வேலை தடைப்படும் அளவுக்குப் பதற்றம் இருப்பவர்கள் ஜெபத்தை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

சில இரவுகளில் அந்த ஒரு வசனமும் வாயில் வராது. அப்போது பதின்மூன்றாம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பேன். ‘எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்?’ என்று தாவீது கேட்பது, ஒன்றரை மணிக்கு விழிக்கிறவளின் கேள்வியேதான். அதோடு அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனையும் நினைத்துக்கொள்வேன். 1813இல் ரங்கூனுக்கு வந்து, பின்னர் ஆவா சிறையில் விலங்கிடப்பட்டுக் கிடந்து, பர்மிய மொழியில் வேதாகமத்தை 1834இல் மொழிபெயர்த்து முடித்தவர் என்று மட்டுமே சபைகளில் சொல்வார்கள். 1826இல் மனைவி ஆனையும், அடுத்த ஆண்டு குழந்தை மரியாவையும் இழந்தபின், அவர் மோல்மீன் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசையில் தனித்திருந்து, தனக்கென ஒரு சவக்குழி வெட்டி அதன் கரையில் உட்கார்ந்திருந்ததையும், தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டடையவில்லை என்று எழுதியதையும் குறைவாகவே சொல்கிறார்கள். என் அம்மா பிறந்த ஊர் மோல்மீன். அந்த ஊர்க் காட்டில் அவர் இருந்த நிலையை அறிந்தபின், எதையும் உணராத இரவுகளில் என்னை நானே குற்றப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

இன்னும் சரியாகாதது பகல் நேரம். மகனுடைய போன் எடுக்கப்படாத மத்தியானங்களில், கடையில் நின்றுகொண்டு ஜெபிக்க எனக்கு இன்னும் வரவில்லை. இரவு நிலைமை வேறு. போன வாரம் முப்பதாவது கொட்டையில் இருந்தபோது மின்சாரம் வந்தது. ‘மீ லா ப்யி’, கரண்ட் வந்தாச்சு என்று தெருப்பிள்ளைகள் பர்மிய மொழியில் கத்தினார்கள், எல்லா வீடுகளிலும் தண்ணீர் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. முன்பென்றால் பாயிலிருந்து பாய்ந்து எழுந்திருப்பேன். அன்று மீதி இருபதையும் முடித்துவிட்டுத்தான் போய் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை மின்சாரம் இருந்தது.