பதினாறு மாதமாக மூக்கு கழுவுகிறேன்

மூக்கு கழுவுவதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலை நான் முதன்முதலாக வாங்கியபோது எனக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இப்போது மகளுக்குப் பத்து மாதம். இடையில் ஐந்து பாட்டில் மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, தும்மலோடும் மூக்கடைப்போடும் ராத்திரி பூராவும் உட்கார்ந்தே இருக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பாட்டில் மட்டும் இல்லை, ஸ்ப்ரே, சொட்டு மருந்து, ஆவி, மாஸ்க் என்று நான் முயன்று பார்த்த எல்லாமே இதில் வரும்.

எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. ஆவணி, புரட்டாசி மழைக்குப் பிறகு தொடங்கும். எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், கண் அரிப்பு, அண்ணத்தில் நமைச்சல், தண்ணீராக ஒழுகும் மூக்கு. சேலத்தில் எல்லோரும் இதை டஸ்ட் அலர்ஜி என்றுதான் சொல்வோம். எங்கள் வீடு கொண்டலாம்பட்டிப் பக்கம், சுற்றிலும் விசைத்தறி. அதனால் பஞ்சுத் தூசுதான் காரணம் என்று நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். ஆனால் ஆயுதபூஜைக்குத் தறிகள் நின்றிருந்த நாட்களிலும் தும்மல் நிற்கவில்லை. பக்கத்துக் காலி மனையில் இடுப்பளவுக்குப் பார்த்தீனியம் வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மகரந்தத்தால் வருகிற மூக்கு ஒவ்வாமை இது என்று டாக்டரம்மா சொன்னார். சீட்டில் ஹே ஃபீவர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, காய்ச்சலா என்று பயந்துபோனேன். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடே ஏறாது. உண்மையிலேயே காய்ச்சல் அடித்தாலோ, சளி கெட்டியாகிப் பச்சையாக வந்து முகம் வலித்தாலோ, இழுப்பு வந்தாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, வழக்கமாகப் போடும் மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். முதல் மூன்று மாதம் மசக்கை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை காய்ந்து, மணிக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடிப்பேன். இரண்டு தலையணையில் சாய்ந்தபடி கோழித் தூக்கம். இதில் பாதி அலர்ஜியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தால் மூக்கின் உள்சவ்வு வீங்கும், ஒவ்வாமையே இல்லாத பெண்களுக்குக்கூட அப்படி மூக்கு அடைக்கும். தும்மலும் அரிப்பும் கூடவே இருந்தால் அலர்ஜி, வெறும் அடைப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் கர்ப்பம் செய்கிற வேலை. எனக்கு இரண்டும் சேர்ந்திருந்தது.

ஒரு தவறு நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் மாதக் கடைசியில், தூக்கம் இல்லாமல் அழுதுகொண்டிருந்த ஒரு ராத்திரி, வீட்டுக்காரர் மருந்துக் கடையில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். யாருக்கு என்று கடையில் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இரண்டு சொட்டில் மூக்கு திறந்துகொண்டது. மூன்று மாதத்தில் முதல் முறையாக விடியும்வரை தூங்கினேன். ஆனால் நாலாம் நாள் ஒரு வேளைக்கு இரண்டு வேளை ஆனது. ஒன்பதாம் நாள் சொட்டு விட்ட மூன்று மணி நேரத்தில் முன்னைவிட இறுக்கமாக அடைத்துக்கொண்டது. இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் இந்த மருந்து வேலை செய்கிறது, சில நாளுக்கு மேல் விட்டால் அவை பதிலுக்கு வீங்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். நிறுத்திய முதல் வாரம் நரகம்.

அன்றைக்கு அவர் கேட்ட ஒரு கேள்வி என்னை மாற்றியது. "மாத்திரை போடாம இருந்தா கொழந்தைக்கு நல்லதுன்னு நெனச்சீங்களாம்மா? நீங்க தூங்காம, சாப்பாட்டுல ருசி தெரியாம பட்டினி கிடந்தா அது மட்டும் நல்லதா?" நான் அதை ஒரு விரதம் போலத்தான் செய்துகொண்டிருந்தேன். பொறுத்துக்கொள்கிற தாய்தான் நல்ல தாய் என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். வரிசை ஒன்று சொன்னார். முதலில் காரணத்தை விட்டு விலகுவது, அடுத்து உப்புத் தண்ணீர், அதிலும் அடங்காவிட்டால் மூக்கு ஸ்ப்ரே, அதற்கப்புறம்தான் மாத்திரை.

அப்படி வந்ததுதான் பாட்டில். 240 மில்லி பிடிக்கும், மூடியில் சின்னத் துளை, கூடவே உப்புப் பொட்டலங்கள். முதல் நாள், பொட்டலம் எதற்கு என்று வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சின்ன வயதில் கிணற்றில் குதித்து மூக்கில் தண்ணீர் ஏறும்போது உச்சந்தலை வரை ஓர் எரிச்சல் வருமே, அதேதான். உப்பு சரியான அளவில் கலந்தால் அந்த எரிச்சல் துளிகூட இல்லை. இதை நான் ஆச்சரியத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் பயந்து நிறுத்துகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். பொட்டலம் தீர்ந்தால் அயோடின் சேர்க்காத உப்பு மூன்று டீஸ்பூன், ஆப்பசோடா ஒரு டீஸ்பூன் கலந்து ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொள்வேன். ஒரு பாட்டில் தண்ணீருக்கு அந்தக் கலவையில் ஒரு டீஸ்பூன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. எங்கள் குழாயில் வருவது மேட்டூர்த் தண்ணீர், குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் காய்ச்சாத தண்ணீரில் அரிதாக இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர்தான் மூக்கில் ஏறினால் அப்படிச் செய்யும். அதனால் கேன் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ எதுவானாலும், தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் விட்டு, ஆறவைத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பில்தான் பாட்டிலில் ஊற்றுவேன். பாட்டிலையும் காய்ச்சிய தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைப்பேன்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து 'கா' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே அழுத்த வேண்டும். சத்தம் கொடுத்தால் தண்ணீர் தொண்டைக்குள் இறங்காது. ஒரு துவாரத்தில் போனது மறு துவாரத்தில் இழையாக வந்து விழும். மெதுவாக அழுத்தினால் போதும், வேகமாக அழுத்திய அன்று காது அடைத்துக்கொண்டது. இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கழுவிப் பத்து நிமிஷம் கழித்துக் கோலம் போடக் குனிந்தேன், உள்ளே தங்கியிருந்த தண்ணீர் பொலபொலவென்று கோலத்தின் மேலேயே கொட்டியது. அதிலிருந்து கோலம் முதலில், மூக்கு அப்புறம்.

இரண்டே நாளில் வித்தியாசம் தெரிந்தது. முழு நிவாரணம் என்று சொல்ல மாட்டேன். கழுவியதிலிருந்து மூன்று, நான்கு மணி நேரம் மூக்கு திறந்திருக்கும், காலைத் தும்மல் பாதியாகக் குறைந்தது. படுக்கப் போகும் முன் ஒரு தரம் கழுவினால், தூக்கம் பிடிக்கும் அந்த முதல் சில மணி நேரமாவது கிடைத்தது.

ஐப்பசியில் அதுவும் போதவில்லை. புடசோனைட் ஸ்ப்ரே எழுதித் தந்தார். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் அத்தைக்கு முகமே சரியில்லை. கர்ப்பிணிகள் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிற மருந்து, மூக்கில் அடிப்பதால் உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம் என்று டாக்டரம்மா அத்தையிடமே விளக்கிச் சொன்ன பிறகு சமாதானமானார். இது சொட்டு மருந்து போல உடனே திறக்காது. எனக்கு எட்டாம் நாள்தான் பிடிகிடைத்தது, இரண்டு வாரம்கூட ஆகலாம் என்றார்கள். நடுவில் மூக்கில் ரத்தம் வந்தது, இரண்டு துவாரத்துக்கும் நடுவிலிருக்கும் சுவரைப் பார்த்து நான் அடித்திருக்கிறேன். வலது கையால் இடது துவாரத்துக்கும், இடது கையால் வலது துவாரத்துக்கும் அடித்தால் முனை தானாக வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். அப்படி மாற்றியதும் ரத்தம் நின்றது. மூக்கைக் கழுவிச் சற்று நேரம் விட்டுத்தான் ஸ்ப்ரே, இல்லாவிட்டால் மருந்து தண்ணீரோடு போய்விடும்.

ஆறாம் மாதம் ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போனேன். நாகலூர் போகும் வழியில் இருக்கிறது வீடு. "மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாப் போயிடும் கண்ணு" என்று அம்மா ஆசையாகக் கூப்பிட்டாள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஆனால் அது கார்த்திகை, மழையும் மூடுபனியும். பரணிலிருந்து எடுத்த கம்பளியில் ஈர வாடை, படுக்கையறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. முதல் ராத்திரியே முப்பது தும்மல். பூஞ்சையும் மகரந்தம் போலவே அலர்ஜியைக் கிளப்பும். அப்பா அந்தச் சுவரைத் துடைத்து, என்னை வெயில் விழும் முன்னறைக்கு மாற்றினார். அம்மா கம்பளியைத் துவைத்துக் காப்பி உலர்த்தும் களத்தில் இரண்டு நாள் வெயில் பார்த்துப் போட்டாள். அப்புறம் அங்கே நன்றாகவே இருந்தேன். திரும்பும்போதுதான் கஷ்டம். 20 கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கம். மூக்கு அடைத்திருந்தால் மூக்குக்கும் காதுக்கும் நடுவிலிருக்கும் குழாயும் அடைத்துக்கொள்ளும், காற்றழுத்தம் சமமாகாது. பாதி வளைவு தாண்டும் முன்பே காதுக்குள் ஊசி குத்துவது போல வலி. அடுத்த முறை கிளம்பும் முன் மூக்கைக் கழுவிக்கொண்டு, வழியெல்லாம் ஒரு மிட்டாயைச் சப்பி எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தேன். வலியே இல்லை.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு தும்மலே பயமாகிவிட்டது. பலமாகத் தும்மினால் அடிவயிற்றில் ஒரு பக்கம் சுரீரென்று இழுக்கும், சில சமயம் சொட்டு மூத்திரமும் கசியும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுதிருக்கிறேன். ஒன்றும் ஆகாது, பனிக்குடத் தண்ணீருக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த இழுப்பு கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநாருடையது. தும்மல் வரும்போது கொஞ்சம் முன்னால் குனிந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் இழுப்பு குறைகிறது. வளைகாப்பன்று ஊதுபத்தி, சாம்பிராணி, தலை நிறைய மல்லி. அத்தை நிலைமை புரிந்து ஊதுபத்தியைத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தார்.

மற்றவை: பஸ்ஸில் போக சாதாரண சர்ஜிகல் மாஸ்க் நன்றாகவே உதவியது, மகரந்தத் துகள் பெரியது என்பதால் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும். துணியை மாடியில் காயப்போடுவதை நிறுத்தினோம். பக்கத்து மனைப் பார்த்தீனியத்தை வீட்டுக்காரரும் தம்பியும் கையுறை போட்டு வேரோடு பிடுங்கினார்கள், பூக்கும் முன்பே பிடுங்கியிருக்க வேண்டும். ஆவி பிடித்தால் அரை மணி நேரம் சுகம், அவ்வளவுதான். போர்வைக்குள் இருந்தால் தலை சுற்றியது, அதனால் முகத்தை மட்டும் காட்டினேன், தைலம் எதுவும் போடவில்லை. மாத்திரை மொத்தமாக ஐந்தாறு நாள்தான் தேவைப்பட்டது, செட்டிரிசின், அதுவும் டாக்டரம்மா சொன்ன பிறகு. கடையில் சளி மாத்திரை என்று தருவதில் பலதும் கூட்டு மருந்து. அட்டையின் பின்புறம் ஃபினைலெஃப்ரின் (இதுவும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்துதான்) என்ற பெயர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில்.

பிரசவமாகி ஒன்பதாம் நாள் விடியற்காலை, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூக்கு வழியாக மூச்சு விடுகிறேன் என்பது சட்டென்று உறைத்தது. கர்ப்பத்தால் வந்த வீக்கம் வடிந்துவிட்டது. அலர்ஜி போகவில்லை, இந்தப் புரட்டாசியிலும் சரியாக வந்தது. பால் கொடுப்பதால் கேட்டுவிட்டே ஸ்ப்ரேயைத் தொடர்ந்தேன், இப்போது அதையும் நிறுத்தியாயிற்று. பாட்டில் மட்டும் தினம் காலையில். மகள் பாத்ரூம் வாசல்வரை தவழ்ந்து வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் குனிந்து 'கா' என்றதும், அவளும் வாயைத் திறந்து 'கா' என்கிறாள்.