கேன்டீன் டிவியில் ஓடும் அறிவிப்பு: முழுப் பணத்தையும் முன்பே கொடுத்துவிடாதீர்கள்

மில், கார்மென்ட்ஸ், ஆட்டோ பார்ட்ஸ் யூனிட்களில் கேன்டீன் டிவியின் அடியில் ஷிப்ட் மாற்றம், போனஸ் தேதி எல்லாம் ஓடவிட நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. எங்களுக்குக் கொட்டேஷனில் போட்டது 'சைனேஜ் பிளேயர் (டிவியில் அறிவிப்பு ஓட்டும் பெட்டி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி, ஆயுள் லைசென்ஸ்'. வந்தது கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்.

செட்டிங்ஸில் 64 ஜிபி என்றுதான் காட்டும். அதை நம்பாதீர்கள், பொய்க் கணக்கு சொல்லும்படியே மென்பொருளை மாற்றி விற்கிறார்கள். பென் டிரைவில் 20 ஜிபி வீடியோ கொண்டுபோய் காப்பி செய்து, எல்லா ஃபைலையும் ஓட்டிப் பாருங்கள். உள்ளே 8 ஜிபிதான் என்றால் பாதியில் நிற்கும், அல்லது ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கும்.

பெரிய ஏமாற்று டெமோவில் நடந்தது. அழகாக ஓடிய தமிழ் வரி, முன்கூட்டியே செய்துவைத்த வீடியோ. நாமே டைப் செய்ததும் 'தொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. வாட்ஸ்அப், இணையம் எல்லாம் பயன்படுத்தும் யூனிகோட் முறையில் எழுத்து முதலில், குறி அடுத்து என்றுதான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவரும் வேலையை அந்த ஆப் செய்யவில்லை. 'பாமினியில் அடிங்க சார்' என்றார்கள். பாமினி என்பது யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அப்படிச் செய்தால் வாட்ஸ்அப்பில் வரும் சுற்றறிக்கையை அப்படியே ஒட்ட முடியாது, ஒவ்வொன்றையும் மறுபடி டைப் அடிக்க வேண்டும், அல்லது எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்ற வேண்டும். டெமோவிலேயே 'வெள்ளி மாலை ஷிப்ட் தொடக்கம், கேன்டீனில் போனஸ் கூப்பன்' என்று நீங்களே அடித்து ஓட்டச் சொல்லுங்கள்.

வரி நடுங்கி நடுங்கி ஓடினால் 'டிவி பழசு' என்று புது டிவி விற்கப் பார்ப்பார்கள். முதலில் பாக்ஸின் அவுட்புட்டைப் பாருங்கள். 4கே, 30 ஹெர்ட்ஸில் இருந்தால் 1080பி, 60 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 60 ஃபிரேம்) மாற்றுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 2 பிக்சல் என்று முழு எண்ணாக வேகம் வையுங்கள். நொடிக்கு 120 பிக்சல் ஆகும், ஒரு எழுத்து 1920 அகலத்தைக் கடக்க 16 நொடி; சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். வரியின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டால் அதற்கும் புது டிவி வேண்டாம், டிவியில் ஓவர்ஸ்கேனை (படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் வசதி) நிறுத்தினால் போதும்.

கரன்ட் போய் வந்த பிறகுதான் அடுத்த கூத்து. இந்த பாக்ஸ்களில் கடிகார பேட்டரி கிடையாது. ரூட்டர் உயிர் பெறும்வரை தேதி பல வருடம் பின்னால் நிற்கும், இரவு ஷிப்ட் அறிவிப்பு பகலில் ஓடும், தேதி தப்பென்பதால் அறிவிப்பு அனுப்பும் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பும் கிடைக்காது. மெயினை அணைத்து, நெட் கேபிளைப் பிடுங்கி, மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த பாக்ஸுக்குப் பதில் ராஸ்பெரி பை 5 என்ற சின்னக் கணினியை வைத்தால் அதில் கடிகாரம் உண்டு, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதை டிவியின் யூஎஸ்பியில் செருகி ஓட்டாதீர்கள். பல டிவிகளில் அங்கே கிடைப்பது அரை ஆம்பியர்தான், அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும்.

'ஆயுள் லைசென்ஸ்' என்பது அவர்கள் சர்வரின் ஆயுள். புதுப்பிப்புக் கட்டணம் தராவிட்டால் திரை கருப்பு. சிபோ (Xibo) போன்ற திறமூல சைனேஜ் மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவலாம். விண்டோஸ், லினக்ஸ் பிளேயர்கள் இலவசம், ஆண்ட்ராய்டு பிளேயருக்குத்தான் காசு.

பாக்ஸை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்காமல் தனி வைஃபையில் விடுங்கள். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் முன்பே புகுத்தப்பட்டு வரும் பேட்பாக்ஸ் 2.0 தீநிரல் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்திருக்கிறது.

பில்லில் 'சைனேஜ் சிஸ்டம் 1 செட்' என்று மட்டும் போட்டால் வாங்காதீர்கள். மாடல், சீரியல் எண், ரேம், லைசென்ஸ் காலம் எல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்கட்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், '2019 சட்டப்படி இது வணிக நோக்கக் கொள்முதல், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்ற எதிர்வாதம் வரும். அதனால் 30 சதவீதத்தை நிறுத்திவைத்து, ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு கொடுங்கள்.