சிட்ரோயென் பெர்லிங்கோ 1.5 டீசல்: பெட்டி மாதிரி வேன்தான், ஆனால்...

2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை பெர்லிங்கோவைப் பார்த்தால் சரக்கு வண்டிக்கு ஜன்னல் வைத்த மாதிரிதான் இருக்கும், அழகை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீளம் 4.4 மீட்டர்தான், நீட்டிய வடிவம் 4.75. ஆனால் உயரமான கூரையும் இரண்டு பக்கமும் சறுக்குக் கதவும் இருப்பதால் நெருக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்து வண்டியில் கதவு இடிக்குமோ என்று பயப்படாமல் குழந்தையை இறக்கலாம். பின்வரிசையில் மூன்றும் தனித்தனி இருக்கைகள், சாமான் இடம் சிறிய வடிவத்திலேயே தாராளம். பின்கதவு மட்டும் ரொம்பப் பெரியது, திறக்கப் பின்னால் நிறைய இடம் வேண்டும். கண்ணாடி தனியாகத் திறக்கிற வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

சரி, இன்ஜின். 1499 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ. 130 குதிரைத்திறன் வகையில் 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை நிமிடத்துக்கு 1750 சுற்றிலேயே வந்துவிடுவதால், ஆள் நிறைய ஏற்றி மேட்டில் போனாலும் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை, எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கோடு இன்னும் சுகம். 100 குதிரைத்திறன் வகை தனியாக ஓட்டும்போது போதும், முழு சுமையில் கொஞ்சம் திணறும்.

அப்புறம் ஒன்று: தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது வேண்டாம். புகைக்கரி வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும், குட்டிப் பயணத்தில் அது நடக்காமல் அடைத்துக்கொள்ளும். ஆட்ப்ளூவையும் (புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம்) தீர விடாதீர்கள், முழுக்கத் தீர்ந்தபின் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.