அதிரும் வண்டியில் அறுந்த வயர்: முறுக்கா, ஈயமா, கிரிம்பா?

ஒற்றைச் சிலிண்டர் மோட்டார்சைக்கிள் வழியில் நின்றுபோனால் நாம் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்கிறோம், பிறகு பியூஸை. தேடிப் பார்த்தால் பல நேரங்களில் ஏதோ ஒரு வயர் மேலுறை கெடாமல் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கும், அல்லது ஒரு டெர்மினல் திருகு தளர்ந்திருக்கும். இரண்டுக்கும் காரணம் அதிர்வுதான். அதனால், முறுக்கி டேப் சுற்றுவது, ஈயம் வைப்பது, செப்புக்குழாயில் நுழைத்து நசுக்கும் கிரிம்ப் என அறுந்த வயரை இணைக்கும் முறைகளை ஒப்பிடும்போது, இணைப்பு மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதைவிட அதிர்வை எவ்வளவு காலம் தாங்குகிறது என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். இந்த அளவுகோலின்படி, பட்டறைகளில் மிகவும் மதிக்கப்படும் ஈயப் பற்றவைப்பு நாம் நினைப்பதைவிடக் கீழே இறங்கிவிடுகிறது.

அதிர்வு என்று பொதுவாகச் சொன்னால் அதன் அளவு புரிவதில்லை. பழைய 350 சிசி புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு பல பதிற்றாண்டுகள் திருவொற்றியூரிலிருந்து வந்த அந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 90 மி.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஓட்டத்தின் இரு எல்லைகளிலும் அதைத் திருப்பி இழுக்கத் தேவைப்படும் முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 450 மடங்கு. அந்த இழுப்புக்கு எதிர்வினையாக எஞ்சினே ஆடுகிறது, எஞ்சினோடு சட்டமும், சட்டத்தோடு வயரிங் செட்டும் ஆடுகின்றன. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில் எதிர்எடை வைத்து இதைச் சரிசெய்யலாமே என்றால், பிஸ்டனின் முழு எடைக்கும் ஈடுகட்டினால் மேல்கீழ் ஆட்டம் அடங்கி அதே அளவு ஆட்டம் முன்பின்னாகக் கிளம்பிவிடும். பாதியளவு ஈடுகட்டி, மீதியை ஓட்டுபவரின் கைக்கும் இருக்கைக்கும் விட்டுவிடுவதுதான் ஒற்றைச் சிலிண்டரில் காலங்காலமாக உள்ள சமரசம்.

2020-இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் வண்டியோடு வந்த புதிய 349 சிசி எஞ்சினை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவையானது. அதன் விட்டம் 72 மி.மீ., ஓட்டம் 85.8 மி.மீ. அதே 3000 சுற்றில் பிஸ்டனின் முடுக்கம் ஏறக்குறைய 430 மடங்கு வருகிறது. பழையதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனாலும் புதிய வண்டியில் கைப்பிடி மரத்துப்போவதில்லை என்றால், அதற்குக் காரணம் கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட்தான். மேல்கீழ் ஆட்டத்தில் எதிர்எடை பாதியையும் அது மீதிப் பாதியையும் ஈடுகட்டுகின்றன, இரண்டும் எழுப்பும் முன்பின் ஆட்டம் ஒன்றையொன்று விழுங்கிவிடுகிறது. கிராங்கைப் போல இரு மடங்கு வேகத்தில் எழும் சிறிய அதிர்வு மட்டும் எஞ்சுகிறது.

மின்சாரப் பக்கம் வந்தால் தராசு வேறுவிதமாகச் சாய்கிறது. மின்சாரத்தைத் திறந்து மூடும் பிளாட்டினம் பாயிண்டும் தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் உள்ள பழைய வண்டியில் வயர்கள் குறைவு. எது எங்கே போகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். சாவி சுவிட்ச் கெட்டுப்போனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து காயிலுக்கு ஒரு வயரை நேராக இழுத்து, கிக்கரை உதைத்து ஊர்போய்ச் சேரலாம். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் அந்த வயரைக் கழற்ற மறந்தால், பாயிண்ட் மூடிய நிலையில் காயில் சூடேறிக் கெட்டுவிடும். புதிய வண்டியில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் பேட்டரி மின்னழுத்தத்தை நம்பியிருக்கின்றன, கிக்கரும் கிடையாது. கோளாறு வருவது அரிது, வந்தால் சாலையோரத்தில் செய்யக்கூடியதும் குறைவு: பேட்டரி டெர்மினல், பியூஸ், எர்த் வயர், வயர்களைச் செருகிச் சேர்க்கும், வெளியே தெரியும் கப்ளர்கள் என்பதோடு எல்லை முடிந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் வயர்களில் நேர் இணைப்புச் சோதனை செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இணைப்பதற்கு முன் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் இரண்டு கருவிகள் போட்டியிடுகின்றன: மல்டிமீட்டர், இரண்டு வயர் இணைத்த சிறு பல்பான டெஸ்ட் லேம்ப். படித்தவர்கள் மல்டிமீட்டரையே விரும்புவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை என்னுடைய பழைய வண்டியில் ஹெட்லைட் எரியாமல் போனபோது ஹோல்டரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 12.4 வோல்ட் காட்டியது. பல்பு போய்விட்டது என்று புதிய பல்பு மாட்டினேன், அதுவும் எரியவில்லை. பிறகு இண்டிகேட்டரின் 10 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயரை இணைத்து அதே இடத்தில் தொட்டபோது உள்ளே இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி, வெளிச்சம் வரவில்லை. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் செப்பிழைகள் அறுந்து, பச்சை பிடித்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. மல்டிமீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுக்காமல் அளப்பதால் அந்த மோசமான தொடர்பு வழியாகவும் முழு வோல்ட்டைக் காட்டிவிடுகிறது. பல்பு உண்மையாக மின்சாரம் குடிப்பதால் ஏமாறுவதில்லை. டெஸ்ட் லேம்பை மாட்டிவிட்டு ஹேண்டிலை இடமும் வலமுமாக மெல்லத் திருப்புங்கள். விளக்கு எந்த நிலையில் மினுக்குகிறதோ, அந்த நிலையில் வளையும் வயரில்தான் பழுது. மல்டிமீட்டரை நான் சார்ஜிங் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே வரவேண்டும்.

இனி முக்கியமான போட்டிக்கு வருவோம்.

முறுக்கி டேப் சுற்றுவது எல்லோரும் செய்வது. ஆனால் அதிலேயே இரண்டு வகை உண்டு. இரு முனைகளையும் ஒரே பக்கமாகச் சேர்த்துப் பிடித்து ஜடைபோல முறுக்குவது வீட்டு வயரிங் பழக்கம். இழுத்தால் அவிழ்ந்துவிடும், பக்கவாட்டில் துருத்திக்கொண்டும் நிற்கும். இரு முனைகளையும் எதிரெதிராக வைத்து, ஒன்றின் மேல் ஒன்று நேர்கோட்டில் சுற்றிப் பின்னினால் இழுக்க இழுக்க இறுகும். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு உறையை உரித்தால் போதும். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் பின்ன வேண்டும். கறுத்த செம்பில் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. இந்த முறையின் பலவீனம் டேப்தான். எஞ்சின் சூட்டில் பசை இளகி, சில வாரங்களில் டேப் வழுக்கி நகர்ந்து செம்பு வெளியே தெரியும். வீடு போய்ச் சேர இது போதும், அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

ஈயம் வைப்பது பார்ப்பதற்கு மிக நேர்த்தியானது. மின்தடையும் மிகக் குறைவு. குறை எங்கே என்றால், உருகிய ஈயம் செப்பிழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு உறைக்குள்ளும் சிறிது தூரம் ஏறிவிடுகிறது. தனித்தனியாக வளைந்து கொடுத்த இருபது முப்பது இழைகள் அங்கே ஒரே கம்பியாகிவிடுகின்றன. அதிர்வு வந்தால் அந்தக் கம்பி வளைவதில்லை. ஈயம் முடிந்து வெறும் இழை தொடங்கும் அந்த ஒற்றை விளிம்பில்தான் வளைவு முழுவதும் விழுகிறது. 3000 சுற்றில் ஒரு மணி நேரம் போனால் 1,80,000 அதிர்வுகள். டெயில் லைட் வயரை நான் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து, கண்ணாடிபோல மின்னும்படி பற்றவைத்து, ஸ்லீவும் போட்டு முடித்தேன். நான்கு மாதம் கழித்துச் செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலை போகும் வழியில் அது அறுந்தது. இணைப்பு அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் கத்தியால் வெட்டியதுபோல வயர் துண்டாகியிருந்தது. தவறு ஈயத்தில் என்பதைவிட, அதன் இருபுறமும் வயரைக் கட்டாமல் தொங்கவிட்ட என்னிடம்தான். எனினும் காற்றடிக்கும் சாலையோரத்தில் சால்டரிங் அயர்னோடு போராடி அடையும் பலன் இதுதான் என்றால், எனக்கு அது வேண்டாம்.

திருகு வைத்த கனெக்டர் ஸ்ட்ரிப்புக்கு ஸ்க்ரூ டிரைவர் ஒன்றே போதும். ஆனால் திருகு இழைகளை நசுக்கி வெட்டும், அதிர்வில் தளரவும் செய்யும். இழைகளை இரட்டையாக மடித்து நுழைத்தால் சற்றுத் தாங்கும். முனையில் ஈயம் பூசித் திருகுவதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொடுப்பதால் அந்த இணைப்புதான் விரைவில் லூஸ் ஆகிறது.

என் தீர்ப்பு கிரிம்புக்கே. செப்புக்குழாய்க்குள் இரு முனைகளையும் நுழைத்து, அதற்குரிய கருவியால் அழுத்தும்போது இழைகளுக்கிடையே காற்று புகாத அளவுக்கு உலோகம் நசுங்கிப் பொருந்துகிறது. சூடும் வேண்டாம், பசையும் வேண்டாம். நிற அடையாளம் எளிது: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை. மோட்டார்சைக்கிளின் பெரும்பாலான வயர்களுக்கு இந்த இரண்டும் போதும். குறைகளும் உண்டு. கட்டிங் பிளேயரின் விளிம்பால் நசுக்கினால் அது பெயருக்குத்தான் கிரிம்ப். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். ஒருமுறை பிழையாக அழுத்திவிட்டால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்குள் வயர் குட்டையாகிவிடும். எனவே கிரிம்ப் வைத்திருப்பவர் ஒரு முழம் உதிரி வயரும் வைத்திருக்க வேண்டும். எந்த முறையானாலும் இணைப்பின் இருபுறமும் பக்கத்து வயர்களோடு சேர்த்து டை போட்டுக் கட்டிவிட்டால் வளைவு இணைப்பின் மேல் விழாது. இப்படிக் கட்டிய முறுக்கு இணைப்பு, கட்டாமல் தொங்கும் ஈயத்தைவிட நீண்ட நாள் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பியூஸ் விஷயத்தில் ஒப்பிட அதிகம் இல்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுபவர்களுக்கு அடுத்து எரியப்போவது வயரிங் செட் என்பது தெரிவதில்லை. உதிரி பியூஸ் மாட்டியும் உடனே போய்விட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஹார்ன், பிரேக் லைட், ஹெட்லைட் என்று ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

சாலையோரத்தில் போட்ட ஒவ்வொரு இணைப்பின் மேலும் நான் இப்போது வெள்ளை டேப் ஒரு சுற்று சுற்றிவைக்கிறேன். வீட்டுக்கு வந்து டேங்கைக் கழற்றியதும், கறுப்பு வயர்களுக்கு நடுவே எதை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும் என்பது தனியாகத் தெரிகிறது.